முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: எங்கே கை கொடுக்கும், எங்கே கை விரிக்கும்

மருத்துவமனை வரவேற்பில் இன்னும் பாதிப் பேர் “கலைஞர் காப்பீடு இருக்குங்க” என்று சொல்லித்தான் அட்டையை நீட்டுகிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவரும் திருத்துவதில்லை. 2009 ஜூலையில் அந்தப் பெயரில் வந்த திட்டம் 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது 1,090 சிகிச்சைகள், 52 பரிசோதனைகள், 8 தொடர் சிகிச்சைகள் என்று பட்டியல் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியம் முழுக்க அரசு கட்டுவது. அந்தப் புதுப்பிப்பில் குடும்பத்துக்கு ரூ.849 வீதம் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்குப் போனது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். படுக்கையில் சேர்ந்து செய்ய வேண்டிய பெரிய சிகிச்சைக்கு, கையில் காசில்லாத குடும்பத்துக்கு, இது உண்மையிலேயே உதவும் திட்டம். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஆனால் அந்தச் சிகிச்சையைத் தரும் தனியார் மருத்துவமனை விதிப்படி நடக்கிறதா என்று கண்காணிக்கும் பகுதிக்கு இரண்டரைதான். அந்த ஒன்றரை மதிப்பெண் எங்கே தொலைகிறது என்பதைத்தான் கீழே கொஞ்சம் விரிவாகப் பார்க்கிறோம்.

அட்டை வாங்குவது பெரிய வித்தையில்லை. ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்ற சான்று. இந்த மூன்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போனால் புகைப்படம் எடுத்துப் பதிந்துவிடுவார்கள். வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியாக எடுத்தால் கட்டணம் 60 ரூபாய். அகதி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

அந்த 1,20,000 மாதத்துக்கு 10,000 ரூபாய். 26 நாள் வேலை என்று கணக்குப் போட்டால் நாளுக்கு 385 ரூபாய் கூட வராது. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடு இந்த வரம்பைத் தாண்டிவிடும். சான்று தருபவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். 72,000 ஆக இருந்ததை உயர்த்திய பிறகும் நிலைமை இதுதான். விதி ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம் என்று இருந்தால் யாருக்குச் சான்று கிடைக்கும் என்பது சான்று தருபவரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது. இது திட்டத்தின் முதல் ஓட்டை.

பதிவில் அதிகம் சிக்குவது பெயர் விஷயம். குடும்பம் என்று திட்டம் சொல்வது அட்டைதாரர், அவருடைய கணவர் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை. எது முதலில் வருகிறதோ அதுவரை. பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். புதிதாக வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். இங்கே சேர்த்திருக்க மாட்டார்கள். பிரசவத்தில் சிக்கலாகிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போதுதான் அது தெரியவரும். கல்யாணம் முடிந்த மாதமே பெயரை மாற்றி, அதன்பிறகு காப்பீட்டுப் பதிவிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ரேஷன் கார்டில் ஏற்றினால் காப்பீட்டில் தானாக ஏறிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆதாரில் ‘முருகேசன்’, ரேஷன் கார்டில் ‘முருகேஷ்’ என்று இருந்தாலும் கவுன்ட்டரில் அரை நாள் போய்விடும்.

அட்டையே இல்லாத நிலையில் ஆளைச் சேர்த்துவிட்டார்களா? பரவாயில்லை. தகுதியுள்ள குடும்பம் எப்போது வேண்டுமானாலும் பதியலாம். மருத்துவமனையில் சேர்த்ததற்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு ஆள் ஒருவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் பேச்சு சுலபமாகும். பதிவு மையம் அலுவலக நேரத்தில்தான் இயங்கும். வெள்ளி இரவு நெஞ்சுவலி வந்தால் திங்கள் காலை வரை அது ஒரு கவலை.

இனி மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது. “இங்க காப்பீடு எடுப்பாங்களா?” என்ற கேள்வி போதாது. திட்டத்தில் மருத்துவமனைகளைச் சேர்ப்பது துறைவாரியாக. எலும்பு முறிவுக்குச் சேர்ந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்குச் சேர்ந்திருக்காது. வாசலில் திட்டப் பலகை பெரிதாக இருக்கும். உள்ளே போனால் “இந்தக் கேஸுக்கு நம்ம கிட்ட இல்லைங்க, கேஷ்ல பண்ணிக்கலாம்” என்பார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: “இந்த நோய்க்கு, இந்த ஆபரேஷனுக்கு, இங்கே காப்பீட்டில் அனுமதி இருக்கிறதா?” கட்டணமில்லாத 1800 425 3993 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இதையே கேட்டு உறுதி செய்யலாம். மருத்துவமனையின் பெயரோடு சிகிச்சையின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றைத் தனியாரில் காப்பீட்டில் செய்ய முடியாது. அதில் தனியாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மருத்துவமனைகளுக்கு ஏ1 முதல் ஏ6 வரை தரவரிசை உண்டு. வசதி, ஆள்பலம், கருவிகள் பார்த்துப் போடுவது. அதே ஆபரேஷனுக்கு ஏ1 மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை வேறு, ஏ6-க்குக் கிடைப்பது வேறு. நோயாளிக்கு இதில் செலவு வித்தியாசம் இல்லை. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே தயங்கும்போது இது ஓரளவு வழிகாட்டும்.

ஒரு சிகிச்சையை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி.

நோயாளி வந்ததும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. அட்டையை ஒப்படைத்ததும் மருத்துவமனையின் காப்பீட்டு ஒருங்கிணைப்பாளர், ஊர்ப் பேச்சில் ‘காப்பீட்டு ஆள்’, அட்டையை இணையத்தில் சரிபார்ப்பார். இவர் ஒவ்வொரு பட்டியல் மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் முதல் நிமிடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரைவிட இவரிடம்தான் நீங்கள் அதிகம் பேசப்போகிறீர்கள். ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்து, எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் அடைப்பு என்ற படத்தோடும் அறிக்கையோடும் முன் அனுமதி கேட்டு அனுப்புவார். மறுமுனையில் காப்பீட்டு நிறுவனத் தரப்பு மருத்துவர் பார்த்து ஒப்புதல் தருவார், அல்லது ‘கொய்ரி’ போடுவார். கொய்ரி என்றால் நிராகரிப்பு இல்லை. “படம் தெளிவாக இல்லை”, “எக்கோ அறிக்கை எங்கே” என்பது போன்ற கேள்விதான். பல மருத்துவமனைகளில் “அப்ரூவல் வரலைங்க” என்று மொட்டையாகச் சொல்லிவிடுவார்கள். வராததற்குக் காரணம், கேட்ட அறிக்கையை அவர்களே இன்னும் பதிவேற்றாததாக இருக்கும். “கொய்ரியா, ரிஜெக்டா? கொய்ரி என்றால் என்ன கேட்டிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். முன் அனுமதி எண்ணையும் வாங்கிவிடுங்கள். அந்த எண் இருந்தால் உதவி எண்ணில் நீங்களே நிலவரம் கேட்கலாம்.

அவசரம் என்றால் இத்தனை படியும் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் தகவல் சொல்லி அவசர அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கி, ஆவணங்களைப் பிறகு அனுப்ப வழி இருக்கிறது. ஆகவே மாரடைப்பு வந்தவரைப் படுக்கையில் போட்டுவிட்டு, “அப்ரூவல் வர்ற வரைக்கும் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கட்டுங்க” என்பதில் நியாயமில்லை. உயிர் காக்கும் முதலுதவியை எந்த மருத்துவமனையும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

ஒப்புதல் வந்தால் தொகுப்புத் தொகை முடிவாகிவிடும். படுக்கை, அறுவை அரங்கு, டாக்டர் கட்டணம், மருந்து, ரத்தக்குழாய் மூடாமல் உள்ளே வைக்கும் ஸ்டென்ட், நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கேதான் மக்கள் நடுவே பெரிய குழப்பம். “கார்டுல அஞ்சு லட்சம் இருக்கே, நல்ல ஸ்டென்ட்டா வையுங்க” என்று சொல்வார்கள். ஐந்து லட்சம் என்பது ஓர் ஆண்டில் குடும்பம் மொத்தத்துக்கும் உள்ள உச்சவரம்பு. இந்தச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்குப் போவது அதற்கென்று நிர்ணயித்த தொகை மட்டும். அதே உச்சவரம்பு தெரியாதவரிடம், “உங்க கார்டுல பேலன்ஸ் இல்லை” என்று பொய் சொல்லிப் பணம் கேட்பதும் நடக்கிறது. மீதித் தொகையையும் உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பணம் கேட்கும் முறைகள் சில உண்டு, எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே வசனம். “காப்பீட்டுல வர்றது சாதா ஸ்டென்ட். இம்போர்ட்டட் வேணும்னா வித்தியாசம் கட்டணும்.” “எலும்புக்கு வைக்கிற பிளேட் நல்ல கம்பெனிது வேணும்னா வெளியே வாங்கிக் கொடுங்க.” “காப்பீடு ஆபரேஷனுக்குத்தான், ஐசியூ தனி.” “முதல்ல கட்டுங்க, டிஸ்சார்ஜ்ல திருப்பித் தருவோம்.” நான்காவதுதான் மோசம். ரசீது தராமல் வாங்குவார்கள். டிஸ்சார்ஜ் நாளில் அந்தத் தொகை ‘டெஸ்ட்டு’களாகக் கரைந்திருக்கும்.

ஸ்டென்ட் விஷயத்தில் ஒரு விவரம் தெரிந்தால் பாதிப் பேச்சு அடங்கும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது ரூ.29,600, வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு ரூ.7,260, வரி தனி. அதன்பின் எண் மாறியிருக்கிறது. உச்சவரம்பு இன்றும் இருக்கிறது. ஆகவே “ஒரு லட்சம் ரூபாய் ஸ்டென்ட்” என்று யாராவது சொன்னால், அவர் ஸ்டென்ட் விலையைச் சொல்லவில்லை. முழங்கால் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் அதே 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வந்தது.

மருத்துவமனைகள் ஏன் இப்படிச் செய்கின்றன? பேராசை மட்டும் காரணமில்லை. தொகுப்புத் தொகையை நிர்ணயித்துவிட்டுப் பல ஆண்டுகள் திருத்தாமல் வைத்தால் சம்பளமும் மருந்துச் செலவும் அதைத் தாண்டிப் போகின்றன. செலவு செய்த பணம், காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கை (கிளெய்ம்) அனுப்பி, அதிலும் கொய்ரி வந்து, திருத்தி அனுப்பி, கழித்தது போக வந்து சேர நாளாகும். கையிருப்பு உள்ள பெரிய மருத்துவமனை தாங்கும். முப்பது படுக்கை நர்சிங் ஹோம் திணறும். இந்த நியாயத்தை நாம் ஏற்கலாம். ஆனால் நட்டத்தை நோயாளியின் தாலிக்கொடியில் ஈடுகட்டுவதை ஏற்க முடியாது. கட்டுப்படியாகாவிட்டால் பட்டியலிலிருந்து விலகும் உரிமை மருத்துவமனைக்கு இருக்கிறது. பலகையையும் வைத்துக்கொண்டு பணமும் வாங்குவதுதான் தப்பு.

அரசின் கையில் என்ன கடிவாளம் இருக்கிறது? ஒன்று சட்டம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்தது. விதிகள் வந்து சேர 2018 ஆனது. இருபத்தோரு ஆண்டுகள்! மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர்தான் இதை நடத்துபவர். இடவசதி, ஆள்பலம், கருவிகள், கழிவு மேலாண்மை போன்ற குறைந்தபட்சத் தரத்தைச் சட்டம் பார்க்கும். நோயாளியிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை அது தொடுவதில்லை. பதிவில்லாத கிளினிக்கை மூடி முத்திரையிட இது உதவும். பில்லைக் குறைக்க உதவாது.

இன்னொன்று ஒப்பந்தம். காப்பீட்டுத் திட்டத்தில் சேர, மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.ஹெச்.-இன் நுழைவுநிலைத் தரச்சான்று வேண்டும், ஒருங்கிணைப்பாளர் வேண்டும், மருத்துவ முகாம் நடத்த வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. மீறினால் தொகையைப் பிடிக்கலாம், பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம். உரிமம் தரும் அரசைவிடப் பணம் தரும் அரசுக்கு மருத்துவமனைகள் அதிகம் பயப்படுகின்றன என்பதே எங்கள் கணிப்பு. படிவத்தில் கேட்டதைப் பரிசோதகர் பார்க்காமல் போகலாம், கோரிக்கைத் தொகையை நிறுத்தினால் அடுத்த வாரமே வலிக்கும். ஆனால் இந்தச் சாட்டையும் சில இடங்களில் சுழலாது. சுற்றுவட்டாரத்தில் கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடம்) உள்ள மருத்துவமனை ஒன்றே ஒன்று என்றால், அதை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால் தண்டனை யாருக்கு? நெஞ்சுவலியோடு நூறு கிலோமீட்டர் போக வேண்டிய நோயாளிக்கு. இது தெரிந்ததால்தான் அப்படிப்பட்ட மருத்துவமனைகளின் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது, புகார். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்பு, குறைதீர்க் குழு இருக்கிறது. புகார் அங்கே போய்ச் சேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. சேருவதில்தான் சிக்கல், ஏனென்றால் குழு முதலில் கேட்பது ரசீது. ரசீது இல்லாத பணம் காகிதத்தில் இல்லாத பணம்.

எனவே கேட்ட தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டிய இக்கட்டில், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையின் பெயரில் யுபிஐ அல்லது கார்டு. தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். “இது எதற்கு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்று ஒரு தடவை கேட்டாலே பல தொகைகள் மறைந்துவிடும். எழுதிக் கொடுக்க முடியாத காரணத்துக்குத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

நோயாளி உள்ளே இருக்கும்போதே உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். “டிஸ்சார்ஜ் ஆன பிறகு பார்த்துக்கலாம், இப்ப சொன்னா கவனிக்க மாட்டாங்க” என்ற பயம் இயல்புதான். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு அடையாளம் காட்ட ஆள் இருக்காது, கோரிக்கைத் தொகையும் மருத்துவமனைக்குப் போயிருக்கும். அங்கே தீராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. மனுவில் முன் அனுமதி எண், புகார் எண், தேதி, தொகை நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். நோயின் கதையை இரண்டாம் பக்கத்தில் எழுதலாம். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணும் உண்டு. அங்கே சொன்னாலும் அது சுற்றி வந்து இணை இயக்குநர் மேசைக்குத்தான் வரும், ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய கோப்பாக வரும்.

நுகர்வோர் ஆணையத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். “இலவச சிகிச்சைதானே, நுகர்வோர் எப்படி ஆவேன்?” என்பார்கள். காப்பீட்டிலிருந்து பணம் போகும் சிகிச்சையும் சேவைதான் என்பதை 1995-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை சிகிச்சைப் பதிவேடு. எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ல் இருந்தே மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கேட்ட கடிதத்தின் நகலில் மருத்துவமனை முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

அரசு மருத்துவமனையில் அட்டை எதற்கு, எல்லாம் இலவசம்தானே என்ற கேள்வியும் உண்டு. அங்கும் கொடுங்கள். அதே கோரிக்கை முறையில் அந்த மருத்துவமனைக்குப் பணம் வரும். கையிருப்பில் இல்லாத பிளேட், விலைகூடிய மருந்து, உதிரி உபகரணம் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்க முடியும். இல்லையென்றால் “ஸ்டாக் வரட்டும்” என்று படுக்கையில் காத்திருக்க நேரும். மேலே சொன்ன ‘வித்தியாசம் கட்டுங்க’ வசனங்களுக்கும் அங்கே இடம் குறைவு. நேரம் இருக்கிற ஆபரேஷன் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வோம்.

கல்லீரல் மாற்று, காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதித் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். வரிசை நீளம், பரிசீலனையும் கூடுதல். ஆனால் வழி இருக்கிறது. சாலை விபத்து என்றால் இந்த அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த ஊர்க்காரருக்கும் இலவசம். அதற்கான மருத்துவமனைப் பட்டியல் தனி. 108 ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியும்.

திட்டம் கைவிரிக்கும் இடம் வீடு திரும்பிய பிறகு. சாதாரண வெளிநோயாளி ஆலோசனை, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, அழகுக்காகச் செய்யும் அறுவை எதுவும் இதில் வராது. தொடர் சிகிச்சைப் பட்டியல் எட்டோடு நிற்கிறது. மேலே பார்த்த ஆஞ்சியோபிளாஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வகை மாத்திரைகள் இரண்டையும் வழக்கமாக ஓர் ஆண்டு போலச் சாப்பிட வேண்டும். டிஸ்சார்ஜில் கொடுத்த மாத்திரை அட்டை தீர்ந்ததும், “வலி இல்லையே” என்று நிறுத்துபவர்கள் உண்டு. அந்த ஸ்டென்டே அடைத்துக்கொண்டு மறுபடி வர நேரும். மாத்திரையை அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் இலவசமாக வாங்கலாம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்ட வேண்டும். அதில் ஸ்டென்ட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். ஒட்டவில்லை என்றால் ஒட்டச் சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள்.